பெயரைச் சொல்லாமல் அரசியல் பேசுவது எப்படி, மொட்டைக் கடிதம் ஆகிவிடாமல்

மொட்டைக் கடிதம் என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டுக்கு வரும், தலைமையாசிரியரைப் பற்றி மாவட்டக் கல்வி அலுவலருக்குப் போகும், ரேஷன் கடைக்காரரைப் பற்றித் தாசில்தாருக்குப் போகும். அடியில் "இப்படிக்கு, உண்மை விளம்பி" என்றோ "ஊர்ப் பொதுமக்கள்" என்றோ இருக்கும். ஊர்ப் பொதுமக்கள் யாருக்கும் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. சில கடிதங்களில் உண்மையும் இருந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் எழுதியவரைக் கூப்பிட்டு "ஏம்ப்பா, இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி கேட்க வழியே கிடையாது.

அதே ஊரில்தான் புனைபெயரும் வளர்ந்தது. 1942-ல் திருவாரூரில் 18 வயதுப் பையனாக முரசொலியைத் துண்டறிக்கையாகப் போட்டபோது கருணாநிதி "சேரன்" என்ற பெயரில் எழுதினார். அண்ணா "சௌமியன்" என்று எழுதினார். பாரதிக்குக் காளிதாசன், ஷெல்லிதாசன் என்று ஏகப்பட்ட பெயர்கள். இவர்கள் யாரையும் மொட்டைக் கடிதக்காரர்கள் என்று நாம் சொல்வதில்லை. ஏன்? "உண்மை விளம்பி" அடுத்த கடிதத்தில் "நலம் விரும்பி" ஆகிவிடுவார். சேரன் அடுத்த இதழிலும் சேரனாகவே வருவார், போன இதழில் சொன்னதற்கு இந்த இதழில் அவரைப் பிடித்துக் கேட்கலாம்.

நான் எட்டு வருடமாக ஒரு புனைபெயர்க் கணக்கில் அரசியல் எழுதுகிறேன். வேலை ஒரு தனியார் நிறுவனத்தில், முதலாளிக்கு ஒரு கட்சியில் நல்ல செல்வாக்கு, அதனால் என் பெயரில் எழுத முடியாது. எட்டு வருடத்தில் அடிபட்டுக் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கணக்கு தொடங்கலாமா என்று கேட்டு டிஎம்மில் வரும் தம்பி தங்கைகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போய் எழுதுவது இது.

முதலில், யாரிடமிருந்து மறைகிறீர்கள்?

இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், நிஜமாகவே. முதலாளி, கட்சிக்காரரான மாமா, சாதிக் கட்டுப்பாடு உள்ள ஊர், வீட்டு முகவரியைத் தேடிவந்து மிரட்டக்கூடிய ஆட்கள், இரவு இரண்டு மணிக்கு அசிங்கமான படம் அனுப்பும் கூட்டம் (பெண்கள் சொந்தப் பெயரில் ஒரு வரி அரசியல் எழுதினால் என்ன வருகிறது என்பதை உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே சொல்வார்கள்) என்று எதுவாகவும் இருக்கலாம், எல்லாமே நியாயமான காரணம்தான். அந்தத் தாளில் ஒரு பெயரும் வரவில்லை, "சும்மா, யாரையாவது கிழிகிழி என்று கிழிக்கணும், மாட்டக்கூடாது" என்பதுதான் மனதில் இருக்கிறது என்றால், கணக்கு தொடங்காதீர்கள். அப்படித் தொடங்குகிறவர்கள் மூன்று மாதத்தில் என்ன ஆவார்கள் என்று பார்த்திருக்கிறேன்.

பயம் வெறும் கற்பனை இல்லை. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபர், அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் (இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய பிரிவு) கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே மகாராஷ்டிராவில் பால்கரில், சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்ததற்கு ஏன் பந்த் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட ஓர் இளம்பெண்ணையும் அதற்கு லைக் போட்ட அவருடைய தோழியையும் பிடித்தார்கள். லைக் போட்டதற்கு! அந்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. அப்புறமும் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தன, "இந்தப் பிரிவில் யார் மீதும் வழக்கு நடத்தக்கூடாது" என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஆக, சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் காவல் நிலையத்தின் வாசற்படி உங்கள் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. மறைந்துகொள்ள ஆசைப்படுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

திரை எவ்வளவு மெல்லியது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புனைபெயர் உங்களைப் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து மறைக்கும், முதலாளியிடமிருந்து ஓரளவு மறைக்கும். காவல்துறையிடமிருந்து மறைக்காது. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, முறையான அதிகாரம் உள்ள அமைப்பு எழுத்தில் கேட்டால் சமூக ஊடக நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தன்னிடம் உள்ள தகவலைக் கொடுக்க வேண்டும். கணக்கை அழித்துவிட்டு ஓடினாலும், பதிவு செய்தபோது கொடுத்த விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. இணையத்தில் நாம் இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் சேவையைப் போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஒரு தகவல்: மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதற்கு உடன்படாத சில நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன.

இது தெரிந்திருப்பது நல்லதுதான். "நீதிமன்றம் கேட்டால் என் பெயர் வெளியே வரும்" என்ற நினைப்போடு எழுதுகிறவர் கொஞ்சம் யோசித்து எழுதுவார்.

ஆனால் பெரும்பாலான முகமூடிகளைக் காவல்துறை கழற்றுவதில்லை, போட்டவர்களே கழற்றிக்கொள்கிறார்கள். எப்படியெல்லாம் என்று சொல்கிறேன். கணக்கு தொடங்கும்போது "உங்கள் தொடர்புகளை இணைக்கவா?" என்று கேட்கும், சரி என்று தட்டிவிடுவோம், மறுநாள் சித்தப்பாவின் திரையில் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று நம் புரட்சிப் பெயர் போய் நிற்கும். பத்து வருடத்துக்கு முன் கிரிக்கெட் பேச வைத்திருந்த அதே ஹேண்டிலை அரசியலுக்கும் வைத்துக்கொள்வார்கள், கூகுளில் தேடினால் கல்லூரிப் பெயர் வரை வந்துவிடும். மாடியிலிருந்து மழையை எடுத்த போட்டோவில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் கோயில் கோபுரமும் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் புனைபெயரே கிடையாது, அங்கே உங்கள் போன் நம்பர் எல்லோருக்கும் தெரியும், அதனால் புனைபெயரில் எழுதியதை அப்படியே வாட்ஸ்அப்பில் முதல் ஆளாகப் போடாதீர்கள். படத்தை அங்கே டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அதை எடுத்த நேரமும், சில சமயம் எடுத்த இடமும் படத்தோடேயே போகும். யாருக்கோ நூறு ரூபாய் நன்கொடை என்று ஜிபேயில் அனுப்பினால் வங்கியில் உள்ள முழுப்பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அலுவலகக் கணினியில், அலுவலக வைஃபையில் அந்தக் கணக்கைத் திறக்கவே திறக்காதீர்கள், இதை நான் விளக்கக்கூட மாட்டேன்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. கணக்குக்குக் கொடுத்த சிம் யார் பெயரில் இருக்கிறது? நம் வீடுகளில் பாதி சிம் அப்பா பெயரில், இல்லையென்றால் அம்மா பெயரில். நீங்கள் எழுதியதற்கு ஒரு நாள் விசாரணை வந்தால் கதவைத் தட்டிக் கேட்கப்போவது அவர்களைத்தான். 1908-ல் "இந்தியா" பத்திரிகை மீது வழக்கு வந்தபோது சிக்கியவர் யார் தெரியுமா? ஆசிரியர் என்று பதிவேட்டில் பெயர் இருந்த சீனிவாசன். எழுத்துக்குச் சொந்தக்காரரான பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். பாரதியைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை, அந்தக் காலத்தின் நெருக்கடி வேறு. ஆனால் உங்கள் எழுத்துக்கு உங்கள் அம்மா பதிவேட்டு ஆசிரியராக இருக்க வேண்டாம். சிம்மை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

அரசு ஊழியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-ன் 9-ஆம் விதி, அரசின் கொள்கையை விமர்சித்து எழுதுவதைத் தடுக்கும்போது "சொந்தப் பெயரிலோ, பெயர் இல்லாமலோ, புனைபெயரிலோ, பிறர் பெயரிலோ" எழுதுவதையும் சேர்த்தே தடுக்கிறது. நம்மை மாதிரி ஆட்களை அறுபது வருடத்துக்கு முன்பே யாரோ நன்றாக யோசித்து எழுதியிருக்கிறார்கள். மாநில அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன. கணக்கு தொடங்கும் முன் உங்களுக்குரிய விதிகளை எடுத்துப் படியுங்கள், சங்கத்தில் விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

"எல்லாரையும் ஆதாரோடு இணைத்துவிட்டால்?"

டீக்கடையில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. டீக்கடையில் மட்டும் இல்லை, 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கச் சொல்லி மனுக்கள் போடப்பட்டன. விசாரணை போகப் போக, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக அது மாறியது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி முடியும் என்று ஒரு வழி சொன்னார். 2019-ல் ஃபேஸ்புக் நிறுவனம் இந்த வழக்குகளை உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்டுப் போனது.

இதை ஒரு நாடு செய்தே பார்த்துவிட்டது. தென்கொரியாவில் 2007-ல், நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் வரும் தளங்களில் குடிமக்கள் பதிவு எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் கருத்து எழுத முடியும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள், பிறகு அந்த வரம்பை 1 லட்சமாகக் குறைத்தார்கள். 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் என்ற தளங்களை யாரோ உடைத்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மொத்த நாட்டின் மக்கள்தொகையே 5 கோடிதான். 2012 ஆகஸ்ட் 23 அன்று அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் சொல்லிக்கொள்கிற அளவுக்குக் குறையவில்லை, ஜனங்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள் என்பதும் நீதிமன்றம் சொன்ன காரணங்களில் உண்டு.

பெயர் போட்டால் பொறுப்பு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் 2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்களை ஒட்டி ஒரு பொய் பரவியது, திருப்பூரிலிருந்து ஜனங்கள் பயந்து ரயிலேறினார்கள். அதைத் தூக்கிச் சுமந்த கணக்குகளில் சொந்தப் பெயரும் முகமும் உள்ளவை எத்தனை! பெயர் வெளியே இருந்தும் அந்தப் பொய்யைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம் வரவில்லை. ஆகவே பெயரை மறைத்தவர்தான் அயோக்கியர் என்று யாராவது பேசினால் நான் பெரிதாகக் காதில் வாங்குவதில்லை.

ஒரே பெயர், ஒரே ஆள்

சரி, கணக்கு தொடங்கிவிட்டீர்கள். இனிமேல் அந்தப் பெயர்தான் நீங்கள். இரண்டாவது கணக்கு வேண்டாம். "ஒன்று சீரியஸ், ஒன்று ஜாலி" என்று ஆரம்பிப்பார்கள், ஒரு வாரத்தில் ஜாலி கணக்கு சீரியஸ் கணக்குக்கு "சரியாகச் சொன்னீர்கள் தோழர்" என்று பதில் போடும். அங்கேயே முடிந்தது கதை. தோற்கிற வாதத்தில் தனக்குத்தானே கைதட்டிக்கொள்கிறவரை என்னவென்று சொல்வது.

பெயரை மாற்றாதீர்கள். ஒரு சண்டையில் அசிங்கப்பட்ட மறுநாள் ஹேண்டிலையும் டிபியையும் மாற்றிக்கொண்டு புதிய ஆளாக வருவது மொட்டைக் கடிதத்துக்குத் திரும்பிப் போவதுதான். எட்டு வருடம் ஒரே பெயரில் இருந்தால் என்ன ஆகும் என்றால், அந்தப் பெயருக்கே ஒரு மானம் வந்துவிடும், அதை இழக்க மனம் வராது. எனக்கு இப்போது என் நிஜப் பெயரை யாராவது திட்டினால் வரும் கோபத்தைவிட அந்தப் பெயரைத் திட்டினால்தான் அதிகம் வருகிறது (மனைவி இதை ஒரு வியாதி என்கிறார்).

அப்புறம், உங்கள் சார்பைச் சொல்லிவிடுங்கள். தேர்தல் நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுகிறவர் பெயரும் முகவரியும் இருக்குமே, அது அலங்காரத்துக்கு இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி அது இல்லாமல் தேர்தல் நோட்டீஸ் அச்சடித்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. வேட்பாளர்கள் மனுவோடு தாக்கல் செய்யும் படிவம் 26-ல் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் சந்து பொந்தாக ஓடுவதுதான் பெயரில்லாத மீம் பக்கங்கள். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் "இன்ன கட்சி உறுப்பினர்", "கட்சி சார்பு இல்லை, ஆனால் இவர்களுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்", "மின்வாரியத்தில் வேலை பார்த்தவன், அதனால் மின்வாரியம் பற்றிப் பேசும்போது என் பேச்சில் சாய்வு இருக்கும்" என்று பயோவில் ஒரு வரி போடுங்கள். ஒரு பதிவுக்குப் பணம் வாங்கினால் அந்தப் பதிவிலேயே சொல்லுங்கள். சொல்ல முடியாது என்றால் வாங்காதீர்கள்.

எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது

"எங்கள் எம்எல்ஏ தூங்குகிறார், தொகுதியில் ஒரு ரோடு உருப்படியாக இல்லை" என்பது கருத்து. தாராளமாகச் சொல்லுங்கள், சத்தமாகவே சொல்லுங்கள். "அந்த ரோடு ஒப்பந்தத்தில் எம்எல்ஏ 15 லட்சம் வாங்கினார்" என்பது குற்றச்சாட்டு. இதற்குக் கையில் காகிதம் வேண்டும். "வாங்கியிருப்பாரோ?" என்று கேள்விக்குறி போட்டால் தப்பித்துவிடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், "என்று பேசிக்கொள்கிறார்கள்" என்று வால் ஒட்டுகிறார்கள், இரண்டுமே ஓட்டைக் குடைதான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு 356-ஆவது பிரிவு, 2 ஆண்டு வரை சிறை உண்டு. அதிலேயே பத்து விதிவிலக்குகளும் இருக்கின்றன: பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை, அரசுப் பணியில் இருப்பவரின் பொதுச் செயல்பாடு பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்து என்று. அந்தப் பத்தையும் ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரம்தான் ஆகும். உண்மை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

காகிதம் எங்கே கிடைக்கும்? வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரங்கள் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அவர்கள் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரமாகவே இருக்கின்றன. அரசாணைகள் தமிழ்நாடு அரசின் தளத்தில், அரசுக் கணக்குகளின் தணிக்கை அறிக்கைகள் தலைமைத் தணிக்கையாளரின் (சிஏஜி) தளத்தில். இவை கசிந்த ஆவணமும் கிடையாது, ரகசியமும் கிடையாது, யாரும் திறப்பதில்லை, அவ்வளவுதான். ஒரு அரசாணையின் எண்ணையும் தேதியையும் போட்டு எழுதும் பெயரில்லாத கணக்கை, பெயரும் பட்டமும் போட்டு "எனக்கு வந்த தகவல்படி" என்று எழுதும் ஆளைவிட நான் அதிகம் நம்புவேன். பெயரைச் சொல்லாதவர் ஆதாரத்தைச் சொல்லத்தான் வேண்டும். "என்னை நம்புங்கள்" என்று கேட்க உங்களுக்கு முகம் இல்லையே.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒரு தனிக் கதை. 10 ரூபாய்க் கட்டணம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பதில் அனுப்பப் பெயரும் முகவரியும் கொடுத்தாக வேண்டும். ஒரு நண்பர் தன் பெயரில் மனுப் போட்டு, பேரூராட்சி அலுவலகத்திலிருந்து பதில் வந்த அன்றே அதைத் தன் புனைபெயர்க் கணக்கில் போட்டார். ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவர் ஒருவர்தான். மாலையில் வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து "அண்ணன் நல்லா எழுதுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. ஆகவே மனுப் போட்டவர் வேறாகவும் எழுதுகிறவர் வேறாகவும் இருக்கட்டும், இல்லையென்றால் சில மாதங்கள் கழித்து மற்ற விவரங்களோடு கலந்து எழுதுங்கள், அதுவும் வேண்டாமென்றால் அந்த ஒன்றைச் சொந்தப் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

தனிமனிதர்களை விட்டுவிடுங்கள். அமைச்சர் உங்கள் இலக்காக இருக்கலாம், அவருடைய மகளின் கல்யாணப் புடவை இருக்கக்கூடாது. எதிர்க்கட்சிக்காரரின் கடையில் வேலை பார்க்கும் பையன், வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருந்த ஆசிரியை, கூட்டத்தில் வாய்தவறி ஏதோ சொன்ன பாட்டி, இவர்கள் முகத்தை எடுத்துப் போட்டுச் சிரிக்க உங்களுக்கு முகமூடி தரப்படவில்லை. உங்களைத் திருப்பி அடிக்கக்கூடியவரிடம் மட்டும் அதைப் போட்டுக்கொண்டு பேசுங்கள் என்பது என் கணக்கு. உங்களைவிட எளியவரிடம் பேசும்போது முகமூடி எதற்கு?

தப்பு செய்தால்

செய்வீர்கள். நான் செய்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலம், இடுப்பளவு தண்ணீரில் ஒரு தெரு, எங்கள் வார்டு என்று யாரோ அனுப்பினார்கள், கவுன்சிலரைப் பெயர் சொல்லிக் காய்ச்சி எடுத்து எழுதினேன். நானூறு பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். இரவு பத்து மணிக்கு ஒரு பையன், கவுன்சிலரின் மகன் என்று பிறகுதான் தெரிந்தது, "அண்ணா, இது எங்க தெரு இல்ல, படத்துல இருக்கிற கடை போர்டைப் பாருங்க" என்று மரியாதையாக எழுதினான். பார்த்தேன். வேறு மாவட்டம், ஐந்து வருடப் பழைய படம். கூகுளில் படத்தைப் போட்டுத் தேடியிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் என்ன செய்தேன்? சத்தமில்லாமல் பதிவை அழித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது, கூடவே "ஓடிட்டான்" என்று ஒரு வரி. சொந்தப் பெயரில் எழுதியிருந்தால் அன்றிரவே மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன், அதுதான் என்னை இன்னமும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து நான் செய்வது இது. தவறு என்று தெரிந்த உடனே அந்தப் பதிவின் கீழேயே "இது தவறு, படம் இந்த ஊர் இல்லை" என்று போடுகிறேன். பிறகு அதே அளவில் ஒரு தனிப் பதிவு, யாரைப் பற்றித் தவறாக எழுதினேனோ அவர் பெயரைச் சொல்லி, ஒரு வாரம் மேலே பின் செய்து வைக்கிறேன். நிறையப் பேர் பின்தொடரும் யாராவது பகிர்ந்திருந்தால் அவர்களுக்கு டிஎம்மில் சொல்கிறேன். பழைய பதிவு இன்னும் பரவிக்கொண்டே இருந்தால் அப்போது அழிக்கலாம், ஆனால் அழித்ததையும் சொல்லிவிட்டு. "ஆனாலும் அந்த வார்டில் பிரச்சினை இருக்கத்தான் செய்கிறது" என்று மன்னிப்புக்குள் ஒரு குத்து வைக்கக் கை பரபரக்கும், வேண்டாம். அந்த நானூறு பகிர்வுப் பதிவுக்கு நான் தாமதமாகப் போட்ட திருத்தத்தைப் பதினொரு பேர் பகிர்ந்தார்கள். விகிதம் அப்படித்தான் இருக்கும், அதற்காகத் திருத்தம் போடாமல் இருக்க முடியாது.

சரிபார்க்க வெளியே உதவி வேண்டுமென்றால், செய்தி உண்மையறியும் தளங்கள் தமிழிலும் இயங்குகின்றன. தமிழ்நாடு அரசே 2023-ல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றைத் தொடங்கியது. அரசைப் பற்றிய பொய்யை அது பிடிக்கும், அரசு சொல்லும் பொய்யைப் பிடிக்க வேறு ஆள் பாருங்கள். ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளுக்காக இப்படி ஒன்றை வைக்க ஏற்படுத்திய விதியை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்ததற்கும் இந்த மாதிரி ஒரு கவலை காரணம்தான்.

எதிரே இருப்பவரும் முகமூடி போட்டிருந்தால்

"தைரியம் இருந்தா பேரைச் சொல்லுடா" என்று கேட்காதீர்கள், நீங்களும் சொல்லப்போவதில்லையே. "200 ரூபாய் உபி", "சங்கி", "டம்ளர்" என்று முத்திரை குத்திவிட்டால் அவர் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நமக்கு ஒரு சோம்பேறித்தனம், அதையும் விடுங்கள். சொன்னது சரியா தவறா என்று மட்டும் பாருங்கள். கூலிக்கு எழுதும் கூட்டமாக இருந்தால் அதுவே தெரிந்துவிடும்: ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழை, பத்து நிமிடத்துக்குள் முப்பது கணக்கில், பழைய பதிவுகளுக்குப் போனால் போன வருடம் வரை ஒரு நடிகரின் பிறந்தநாளுக்கு ஹேஷ்டேக் தள்ளியிருப்பார்கள். அவர்களோடு வாதம் செய்வது கிணற்றுக்குள் கத்துவது, விட்டுவிடுங்கள்.

அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால்? வெளியே சொல்லாதீர்கள். எவ்வளவு கேவலமாகப் பேசினாலும். ஒரே விதிவிலக்கு, அவர் யாரையாவது மிரட்டும்போது, அப்போதும் அதை ஊருக்குச் சொல்ல வேண்டாம், காவல்துறைக்குச் சொல்லுங்கள். பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டுவது நியாய சன்ஹிதாவின் 351(4) பிரிவில் தனிக் குற்றம், மிரட்டலுக்கான தண்டனைக்கு மேல் 2 ஆண்டு வரை கூடுதலாகக் கிடைக்கும். மொட்டைக் கடித மிரட்டலுக்காக வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 507-ஆவது பிரிவாக இருந்ததுதான் இது. மிரட்டல் வந்தால் பதில் எழுதும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அந்தப் பதிவின் இணைப்பும் தேதியும் நேரமும் கணக்கின் பெயரும் தெரிகிற மாதிரி. தளத்தில் புகார் செய்யுங்கள், தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் செய்யுங்கள். புகாரில் உங்கள் நிஜப் பெயரைக் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

குழு அட்மின்களுக்கு ஒரு வரி: உறுப்பினர் போட்டதற்கு, வேறு எதுவும் செய்யாமல் அட்மினாக இருந்த காரணத்துக்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருக்காதீர்கள், கண்டதைப் போடுகிறவரை வெளியே அனுப்புங்கள்.

கடையை மூடும்போது

ஒரு நாள் அலுத்துவிடும், அல்லது வேலை மாறும், குழந்தை பிறக்கும். "இத்தோடு முடித்துக்கொள்கிறேன்" என்று ஒரு பதிவு போட்டுவிட்டு, எழுதியதை எல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் போங்கள். கடவுச்சொல்லை நண்பரிடம் கொடுத்து "நீ தொடர்ந்து எழுது" என்று மட்டும் சொல்லாதீர்கள், படிக்கிறவர்கள் உங்களை நம்பித்தான் வந்தார்கள், பேரை நம்பி இல்லை.

விலைக்கும் கேட்பார்கள். என்னையே ஒரு தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஒருவர் டிஎம்மில் கேட்டார், கணக்கை அப்படியே கொடுத்துவிடுங்கள், ஹேண்டிலும் டிபியும் மாற வேண்டாம், பழைய பதிவுகளும் இருக்கட்டும், அதுதான் எங்களுக்கு முக்கியம் என்று. தொகை கொஞ்சம் மயக்கமாகத்தான் இருந்தது. யார், எந்தக் கட்சி என்று கேட்டேன், அதெல்லாம் சொல்ல முடியாது ப்ரோ என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் எழுதி முடிப்பதற்குள் முன்பணம் இப்போதே அனுப்புகிறேன், ஜிபே நம்பர் கொடுங்கள், வங்கியில் இருக்கிற பேரும் ஒரு தடவை கன்ஃபர்ம் பண்ணிடுங்க என்று வந்தது.